இல்லாத கொசுவுக்கு வலை

பிச்சாவரம் உப்பங்கழியில் சபாநாயகம் முதலாளிக்கு ஒரு சுற்றுலாப் படகு இருந்தது. விருந்தாளிகள் தங்கும் முன்னறைச் சன்னல்களுக்குக் கழற்றி மாட்டும் கொசுவலைச் சட்டங்கள் போட்டிருந்தார். வலையைத் தைத்தவள் சமையல்காரி செங்கமலம். அவளும் துடுப்புக்காரர் குடும்பமும் படுக்கும் பின்னறைக்கும் வலை கேட்டபோது, "உங்களுக்கெல்லாம் கொசு பழகினதுதானே" என்று சிரித்துவிட்டார்.

அந்தப் பின்னறையில்தான் செங்கமலத்தின் ஒரே மகள் கொசுக்காய்ச்சல் கண்டு செத்துப்போனாள்.

விசாரிக்க வந்த சுகாதார அதிகாரியிடம் முதலாளி கையை விரித்தார். "என் படகில் கொசுவே கிடையாதுங்க. பொண்ணு வெளியே எங்கேயோ வாங்கிட்டு வந்த காய்ச்சல்."

செங்கமலம் நேரே முன்னறைக்குப் போய்ச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.

"ஏய், என்ன பண்றே? பொழுது சாயுது, கொசு பிடுங்கித் தின்னுடும்!" என்று முதலாளி கத்தினார்.

"எந்தக் கொசுங்க முதலாளி? நம்ம படகுல கொசுவே இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க. இல்லாத கொசுவுக்கு வலை எதுக்குன்னு கழட்டுறேன்."

பின்னறைக்கு வலை போடும்வரை படகு நகரக் கூடாது என்று அதிகாரி உத்தரவு போட்டார்.

வலை வந்தது. துடுப்புக்காரரின் பிள்ளைகள் சொறியாமல் தூங்கினார்கள்.

"உள்ளே வந்து படுங்கக்கா" என்று அவர்களுடைய அம்மா கூப்பிட்டாள்.

"நீ கதவைச் சாத்திக்கோ, கொசு வந்துடும்" என்றாள் செங்கமலம். மகள் படுக்காத வலைக்குள் போய்ப் படுக்க அவளுக்கு மனசு வரவில்லை. வெளியிலேயே உட்கார்ந்திருந்தாள்.