அடிக்கட்டைக்கு ஊற்றிய தண்ணீர்

அங்கம்மாள் மலையடிவார மடத்துக்கு வந்தபோது அவள் மகன் முருகவேள் இறந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

மலைக்கோயில் திருவிழாவில் யாரோ கொளுத்திய வாணத்தின் புகை பாறையிலிருந்த தேன்கூட்டில் பட்டது. தேனீக்கள் கூட்டமாக இறங்கின. முருகவேள் தன் வேட்டியை அவிழ்த்துத் தாயைத் தலையோடு காலாகப் போர்த்தினான்.

"அசையாம இரும்மா," என்றான்.

அவள் அசையாமல் இருந்தாள். துணியை விலக்கியபோது மகனின் முகம் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

மடத்தின் குரு தையல்நாயகி அவளைவிட வயதில் இளையவர். எல்லாரும் அவரைச் சாமி என்றே அழைத்தார்கள்.

"என்ன கேட்டு வந்தீங்க?" என்றார் சாமி.

"காதுக்குள்ள ஓயாம இரையுது. அது நின்னாப் போதும்."

சாமி அவளை மடத்தின் பின்புறம் அழைத்துப்போனார். வேலியோரம் ஆவாரையும் நொச்சியும் ஆடாதோடையும் புதராக நின்றன. எல்லாம் அந்த மலைக்காட்டுச் செடிகள். அப்போது பூ இல்லை.

"இதுங்களுக்குத் தண்ணி விடுங்க."

அங்கம்மாள் கிணற்றில் இறைத்து ஊற்றினாள். செடிகள் அரும்பு விட்டன. பிறகு ஆவாரை மஞ்சளாகப் பூத்தது. ஒரு காலையில் குடத்தோடு போனவள் அந்த இரைச்சலைக் கேட்டாள். காதுக்குள் அல்ல, பூக்களுக்கு மேலே.

குடம் நழுவியது. உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியலில், தேனீக்கள் வருமுன், அரிவாளோடு போனாள். ஒரு செடியை விடவில்லை. கைக்கு எட்டியதை எட்டிய இடத்தில் வெட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி வெட்டினாள். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்த சாமி அதைப் பார்த்தார். தடுக்காமல் அங்கேயே நின்றார்.

மடத்தில் சமைக்கும் காளத்தி ஓடி வந்தான்.

"மொத்தத்தையும் மொட்டையடிச்சிட்டாங்க சாமி! இவங்களை ஊருக்கு அனுப்பிடுங்க."

"கை கொப்பளிச்சிருக்கும். எண்ணெய் கொண்டு வா," என்றார் சாமி.

அவரே அவள் உள்ளங்கையில் எண்ணெய் தடவினார். அங்கம்மாள் தலை நிமிரவில்லை.

"நான் இனிமே என்ன செய்யட்டும்?"

"தண்ணி விடுங்க."

"வெறும் அடிக்கட்டைதானே நிக்குது?"

"ஆமா. அதுக்குத்தான்."

கோடை முழுதும் அவள் அடிக்கட்டைகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். பார்த்தவர்கள் பரிதாபப்பட்டார்கள். மழை பிடித்ததும் கட்டைகளின் பக்கவாட்டில் சிவப்பாகத் துளிர் வெடித்தது. முன்பைவிட அடர்த்தியாகக் கிளை விட்டு, நொச்சி நீலப் பூவெடுத்தது. தேனீக்கள் வந்தன.

இந்த முறை அவள் ஓடவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். ஒரு தேனீ பூவுக்குள் தலையை நுழைத்து, காலெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வந்து, அடுத்த பூவுக்குப் போனது. அவளை அது கண்டுகொள்ளவே இல்லை.

சாமி பின்னால் வந்து நின்றார்.

"வெட்டினதெல்லாம் வந்திருச்சு சாமி," என்றாள் அங்கம்மாள். "என் பிள்ளை வரமாட்டானே."

"வரமாட்டார்."

அப்போதுதான் அவள் அழுதாள். மகனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட வராத அழுகை. மண்ணில் உட்கார்ந்து, வாய்விட்டு, தொண்டை கட்டும்வரை அழுதாள். தலைக்கு மேல் தேனீக்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்.

"அன்னைக்கு நான் வெட்டறதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. ஏன் தடுக்கல?"

சாமி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க வந்த அன்னைக்கே தெரிஞ்சுது, எதையாவது வெட்டாம உங்களுக்கு ஆறாதுன்னு. அதான், வெட்டினாலும் சாகாததாப் பார்த்து உங்க கையில குடுத்தேன்."