ததேயுவின் கணியம்

"அம்மா, எனக்க பாரு தொலஞ்சு போச்சு."

குருசடிப் படியில் வந்து நின்று சொன்னான் கஸ்பார்.

செலினம்மாள் திரும்பிப் பார்த்தாள். கஸ்பாரைவிடப் பத்து வயது இளையவள் என்றாலும் ஊருக்கு அவள் அம்மாதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் வீட்டைவிட்டு இறங்கி, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமேல் சிலுவை நட்ட இந்தக் குருசடியில் வந்து உட்கார்ந்தவள். பதினெட்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை என்று ஊர் கேலி பேசும். துன்பம் என்றால் கேலி பேசினவர்கள்தான் முதலில் இங்கே வந்து நிற்பார்கள்.

"கடலுக்கு அடியில கெடக்குற பாறை. அது எங்கண்ணே தொலையும்?"

"அது அங்கதான் கெடக்கும். எனக்குத்தான் போகத் தெரியல்ல."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐம்பது வயதில் அடுத்தவர் முன்னால் அழுவது வெட்கமாக இருந்தது. ஆனாலும் அழுதான்.

சிங்கி இறால் பிடிக்கிறவனுக்குப் பார்தான் சொத்து. வீட்டு முற்றம் அளவுக்குக் கடலடியில் கிடக்கிற பாறை அது. அதன் பொந்துகளில் இறால் பதுங்கிக் கிடக்கும். இறால் பிடிக்கிற கூடு அதன்மேல் இறங்கினால் பிழைப்பு. பத்து முழம் தள்ளி மணலில் விழுந்தால் அன்றைக்குப் பட்டினி. மேலே நின்று பார்க்கிறவனுக்கு எங்கும் ஒரே தண்ணீர்தான்.

அதற்குத்தான் கணியம். கரையில் கிட்டே ஒரு அடையாளம், தூரத்தில் ஒரு அடையாளம், இரண்டும் ஒன்றன் முன் ஒன்று வந்து நிற்கிற கோடு ஒரு கணியம். இன்னொரு பக்கம் இன்னொரு கணியம். இரண்டும் சேர்ந்து வருகிற இடத்தில் கல்லை இறக்கினால் கீழே பார்.

கஸ்பாரின் அப்பன் சாகும்போது ஒரு வேலை செய்தான். ஒரு கணியத்தை மூத்தவன் காதில் சொன்னான். மற்றதை இளையவன் ததேயுவின் காதில் சொன்னான். உன்னுடையதை அவனிடம் சொல்லாதே என்று இருவரையும் குருசைத் தொட்டுச் சத்தியம் செய்யவைத்தான். பிள்ளைகள் பிரிந்துவிடக் கூடாதென்று கிழவனுக்கு அப்படி ஒரு யோசனை.

இருபத்தாறு வருஷம் அண்ணனும் தம்பியும் வள்ளத்தில் முதுகோடு முதுகு ஒட்டி நின்று ஆளுக்கொரு பக்கம் கரையைப் பார்த்தார்கள்.

"எனக்கது வந்துட்டு."

"எனக்கதும் வந்துட்டு அண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. கூடு இறங்கும்.

"இப்ப எனக்கது மட்டும் வருது," என்றான் கஸ்பார். "அவனுக்கது அவனோட போச்சு. ரெண்டு வீட்டுல அடுப்பு எரியணும். நாலு மாசமா எனக்க கோட்டுலயே அலையறேன். கயித்துல ஈயத்தக் கட்டி இறக்கி இறக்கிப் பாத்துட்டேன். மணலும்மா. எல்லாம் மணலு."

"இப்பதான் இடங்காட்டுற கருவி எல்லாம் வந்திருக்கே."

"ஒருக்கா போய்க் குறிச்சு வச்ச எடத்தத்தான் அது காட்டும். குறிக்கதுக்கு முந்தி நான் போய்ச் சேரணுமே."

செலினம்மாள் குருசடி விளக்கைத் தூண்டிவிட்டுக் கேட்டாள்.

"தம்பி கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

கஸ்பார் தலை குனிந்தபடி நடந்ததைச் சொன்னான்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பனை நின்றது. அந்த ஓரத்தில் வேறு மரமே கிடையாது. காற்றடித்தால் மட்டை கஸ்பாரின் ஓட்டுமேல் விழும். வெட்டவேண்டும் என்று இவன் சொல்ல, வெட்டக்கூடாது என்று அவன் சொல்ல, ஒரு வருஷம் போனது. ஏன் வெட்டக்கூடாது என்று கேட்டால் ததேயு வாயைத் திறக்கமாட்டான். வீம்பு என்று நினைத்தான் கஸ்பார். தம்பி சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து ஆளைவைத்துச் சாய்த்துவிட்டான்.

"வந்தான். வெட்டின பனைக் குத்தியில கைய வச்சிக்கிட்டு நின்னான். ஒரு பனைக்காக ஒருத்தன் இப்படியா அழுவான்? 'இனி நான் எதைப் பாத்துப் போவேன்'னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

கஸ்பார் அதைச் சொல்லவில்லை.

"மறுநா விடிஞ்சதும் தனியா எறங்கிட்டான்," என்றான். "பக்கத்து ஊருக்காரன் ஒருத்தன் பாத்திருக்கான். கூடெல்லாம் அடுக்கினபடியே கெடந்துதாம். இவன் வள்ளத்துல எழும்பி நின்னு கரையையே பாத்துட்டு இருந்தானாம். கை காட்டினாக்கூட திரும்பல்லியாம். மத்தியானம் காத்து மாறிச்சு."

வள்ளம் மட்டும் கவிழ்ந்தபடி கரைக்கு வந்தது. ததேயு வரவில்லை.

"கடல்ல தேடினது போதும்," என்றாள் செலினம்மாள். "கணியம் கரையிலதானே நிக்கும்? கரையில தேடுங்க."

ஒரு வாரம் அவன் வரவில்லை. வந்தபோது கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"பாத்தீங்களா?"

"கரையில நிக்குற எல்லாத்தையும் பாத்தேன். ரெண்டு கோயில் கோபுரம். லைட் ஹவுஸ். தண்ணி டேங்க். ஐஸ் கம்பெனி குழாய். போன் டவரு. ஒவ்வொண்ணையும் மலையோட ஒத்து வச்சு, எனக்க கணியத்தோட சேத்துக் கூட்ட எறக்கினேன். ஒத்த எறால் மீசைகூட ஏறல்ல."

"நிக்குறதுல ஒண்ணும் விட்டுப் போகல்லியே?"

"ஒண்ணும் விடல்ல."

"அப்ப?"

"அப்ப என்ன? முடிஞ்சுது. செத்துப் போகலாம்னு இருக்கு." இரண்டு கையையும் விரித்தான். "நீங்களே சொல்லுங்க. இனி நான் எதைப் பாத்துப் போவேன்?"

சொன்ன வாய் மூடவில்லை.

மெதுவாக ஊர்ப்பக்கம் திரும்பினான். குருசடிப் பாறையிலிருந்து அவர்கள் வீடு இரண்டும் தெரிந்தன. இரண்டுக்கும் நடுவில், பனை நின்ற இடத்துக்கு நேர் பின்னால், வெகுதூரத்தில், மலை தெரிந்தது. அதன் கூரான உச்சி அடிவரை ஒரு மறைப்பும் இல்லாமல் தெரிந்தது. பனை நின்றவரை அதை இப்படி வெறுமையாக அவன் பார்த்ததில்லை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

செலினம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரும் இதையேதான் கேட்டாரு. நீங்க என்ன பதில் சொன்னீங்கண்ணே?"

கஸ்பார் மலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"'எனக்க மூஞ்சியப் பாத்துப் போ, லே'ன்னு சொன்னேன்."