வெளிநாட்டில் ஆமை படித்த கீரி

முட்டை குடிக்கிற குடும்பத்தில் பிறந்த ஒரு கீரி, ஆமைகளைக் காப்பாற்றப் படிக்க வெளிநாடு போன கதை உங்களுக்குத் தெரியுமா?

கருவேலங்காட்டில் ஒரு குளம். கரைப் புதரில் துடியன் என்ற இளங்கீரி இருந்தான். வெங்காயம் ஏற்றிய கப்பலில் ஒளிந்துகொண்டு, தூரத்துத் தீவு ஒன்றுக்குப் போனான். அங்கே ஒரு கடற்காகம் ஆமைக் காப்பு முகாம் நடத்தியது. பல நாட்டு மாணவர்கள் வந்து பயிற்சி எடுத்தார்கள். மணலைக் கீறி வெளியே வரும் கடலாமைக் குஞ்சுகளை நண்டும் நாயும் தூக்காமல் காவல் காக்க வேண்டும். அவை கடலில் இறங்கியதும் எல்லோரும் கைதட்ட வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி.

ஊர் திரும்பியவனுக்கு நடையே மாறிவிட்டது. “அங்கெல்லாம் எப்படித் தெரியுமா?” என்று தொடங்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

குளத்தில் கிடந்த எருமை மாமா கேட்டார். “ஏன்டா, உங்கப்பன் ஆமை முட்டையை உருட்டிக்கிட்டுப் போன கரைதானே இது?”

“அது விவரம் தெரியாத காலம் மாமா. நான் படிச்சுட்டு வந்திருக்கேன்.”

அதே காட்டில் சொர்ணம் என்றொரு நட்சத்திர ஆமை இருந்தாள். புல்லைத் தின்று தரையிலேயே வாழ்கிறவள். குளத்துக்குத் தாகத்துக்கு வருவாள், குடித்ததும் போய்விடுவாள்.

முதல் மழை பெய்தது. சொர்ணத்தின் முட்டைகள் பொரிந்து, மண்ணைத் தள்ளிக்கொண்டு ஐந்து குஞ்சுகள் வெளியே வந்தன. அவள் இளம்புல் தேடிக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்துத் துடியன் வந்தான்.

“அடப்பாவமே, கடலை விட்டு எவ்வளவு தூரத்துல பொறந்திருக்குங்க! சரி, கடல் இல்லாட்டி குளம்.”

பல் படாமல் ஒவ்வொன்றாகக் கவ்வி, தண்ணீர் ஓரத்தில் வைத்தான். அவை திரும்பி மேட்டுக்கு ஏறின.

“திசை தெரியாம தடுமாறுதுங்க” என்று மறுபடி திருப்பி வைத்தான். மறுபடியும் ஏறின. பொறுமை போய், மூக்கால் ஐந்தையும் தண்ணீருக்குள் தள்ளினான். பிறகு வாலால் மணலில் ஒரு கோடு கிழித்து, காவலுக்கு நின்றான்.

சொர்ணம் மூச்சிரைக்க வந்தாள். “டேய், அது என் பிள்ளைங்கடா! முழுகிடும்!”

“அக்கா, கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. கிட்ட வந்தா குஞ்சுங்க பயந்துரும்.”

“எங்க சாதியில யாரும் நீந்த மாட்டோம்டா.”

“பெத்தவங்க பதட்டத்துல அப்படித்தான் சொல்வாங்க. அங்கே நாங்க எத்தனை ஆமை பார்த்திருக்கோம்!” என்று சொல்லிக் கைதட்டத் தொடங்கினான்.

தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. சொர்ணம் கோட்டைத் தாண்டினாள். நீந்தத் தெரியாதவள், குளத்தில் இறங்கினாள்.

எருமை மாமாவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மூச்சை இழுத்துத் தலையைத் தண்ணீருக்குள் விட்டார். இரண்டு கொம்புக்கும் நடுவில் ஐந்து குஞ்சுகளையும் ஏந்திக்கொண்டு எழுந்தார். கழுத்தளவு தண்ணீரில் நின்ற சொர்ணத்தை மூக்கால் கரைக்குத் தள்ளினார். குஞ்சுகள் இருமின, தும்மின. ஒன்று மட்டும் அசையாமல் கிடந்தது. சொர்ணம் தலையால் முட்ட முட்ட, கடைசியில் அதுவும் காலை உதைத்தது.

துடியனின் கைகள் தட்டின நிலையிலேயே நின்றன. “அங்கே ஒண்ணுகூட இருமலையே மாமா.”

“விட்டதுக்கு அப்புறம் அதுங்களுக்கு என்னாச்சுன்னு பார்த்தியா?”

“இல்ல. கைதட்டினதும் சாப்பாட்டு மணி அடிச்சுருவாங்க.”

மனசு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எதிரில் நிற்பவர் யார் என்று தெரிந்துகொள்ளாமல் செய்கிற உதவி அவரையே மூழ்கடித்துவிடும்.

மழை விட்டதும் துடியன் மறுபடி கிளம்பினான். இந்தத் தடவை திமிங்கிலம் காப்பாற்றும் முகாமாம். பாதையில் சொர்ணம் நின்றிருந்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டான். அவள் திட்டவில்லை.

“தம்பி, போயிட்டு வா. ஆனா அங்கே யாரையாச்சும் காப்பாத்துறதுக்கு முன்னாடி, என்ன வேணும்னு அதுகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கப்பா.”