பேர் சொன்னா ஓடிப்போற கிழங்கு

ம் கொட்டணும், சரியா? நீ ம் கொட்டலேன்னா அத்தை கதையை நிறுத்திடுவேன். அட, காலை ஏண்டா எம்மேல போடற, தள்ளிப் படு.

ஒரு ஊர்ல மசணின்னு ஒருத்தி இருந்தா. ஊர்னா, பெரிய மழைக்காட்டுக்குள்ள முளைச்ச டவுன். நேத்து ஒரு டீக்கடை, இன்னிக்கு அஞ்சு லாட்ஜு, அப்படி வளருது. டவுன் முடிஞ்சு காடு ஆரம்பிக்கற எடத்துல மசணி குடும்பத்து நிலம். பாட்டன் முப்பாட்டன் காலத்துலேருந்து அந்தக் காட்டு சனம் அவங்க. அங்க என்ன வெளையும் தெரியுமா? கிட்ட வா, காதுல சொல்றேன். கிழங்கு! ஆனா நிலத்துல நின்னு அது பேரைச் சொல்லவே கூடாது. சொன்னா அதுக்குக் கேட்டுடும், சரசரன்னு ஆழத்துக்கு ஓடிடும். நாம பாயில தானே கெடக்கோம், பரவால்ல.

அப்புறம் மாசி மாசம் வந்துது. கொடியெல்லாம் காஞ்சு உதிர்ந்து, மேல பாத்தா வெறும் மண்ணு. அப்போ டுர்ர்ர்ர்னு ஒரு ஜேசிபி வந்து நின்னுது, கூடவே ஒரு ஆபீசர்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எடம் பாக்கறோம். இங்க என்ன போட்டிருக்கீங்க?"ன்னார்.

மசணி புருஷன் வெள்ளையன் வாயைப் பொத்திக்கிட்டான். சொன்னா கிழங்கு போச்சு, சொல்லலேன்னா நிலம் போச்சு!

"அப்போ தரிசு"ன்னு ஆபீசர் நோட்டுல எழுதிட்டார்.

"இருங்க சார்"னா மசணி. "நீங்களே மூணு எடம் காட்டுங்க. மூணுலயும் சாப்பாடு எடுத்துத் தரேன். ஒண்ணு தப்பினாலும் நிலத்தை எடுத்துக்கோங்க."

முதல் எடம். தோண்டுகுச்சியால சதக், சதக். கை நீளத்துக்கு ஒண்ணு! அடுத்த வருஷம் முளைக்கட்டும்னு தலைப்பக்கத்தை மட்டும் நறுக்கி அதே குழியில பொதைச்சுட்டா. அப்புறம் பாறையோரம். சதக், சதக். கொத்தா ஏழு! வெள்ளையனுக்குச் சந்தோஷம் தாங்கல. "பாத்தீங்களா சார், கிழங்கு, கிழங்கு!"ன்னு கத்திட்டான், கூமுட்டை.

மூணாவது எடம். முழங்கால் ஆழம் தோண்டினா, இல்ல. இடுப்பு ஆழம், இல்ல. கழுத்து ஆழம், அப்பவும் இல்ல. மசணிக்கு அழுகையே வந்துடுச்சு. "பேரைச் சொல்லி ஓட விட்டுட்டியே பாவி!"

தூங்கிட்டியா? ம் சொல்லு.

அப்போ ஜேசிபி டிரைவர் சகாயம், "மேல ஏறி வந்து தள்ளி நில்லுங்கம்மா, எவ்வளவு தூரம்தான் ஓடுதுன்னு பாத்துடலாம்"னு வண்டியைக் கிளப்பினார். டுர்ர்ர்! கடகடகட! இரும்புக் கை உள்ள போயி மேல வந்துது. தொம்! உன் உசரத்துக்கு ஒரு கிழங்கு!

அப்புறம் அங்கயே சுட்டு, காந்தாரி மிளகாய் தொட்டு எல்லாரும் சாப்பிட்டாங்க. ஆபீசர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கையைத் தொடைச்சுக்கிட்டு, தரிசை அடிச்சுட்டு விளைநிலம்னு எழுதினார். பஸ் ஸ்டாண்டு டவுனுக்கு அந்தாண்ட போயிடுச்சு.

"பயிர் பேரு என்னன்னு எழுதட்டும்?"னார்.

மசணி உதட்டுல விரலை வச்சா. ஆபீசர் மண்ணைப் பாத்தார், மசணியைப் பாத்தார். அப்புறம் சத்தமே இல்லாம எழுதினார்: 'பயிர் - பேர் சொல்லக் கூடாது.' இன்னிக்கும் அந்த நோட்டுல அப்படித்தான் இருக்கு.

கிழங்கு மேல வந்தாச்சு, கதை மண்ணுக்குள்ள போயாச்சு. கண்ணை மூடு.