பேர் எழுதாத டியூப்லைட்

லண்டன் போய்விட்டு வந்ததிலிருந்து திருவிழாக் கமிட்டித் தலைவர் தில்லைநாயகத்துக்கு எல்லாமே 'சட்டிலா', அதாவது அலட்டல் இல்லாமல் நாசூக்காக, இருக்க வேண்டும். சாம்பாரில் காரம்கூட சட்டில்தான்.

அம்மன் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தார். அதில் 'உபயம்' என்று தன் பேரை எழுத, பெயிண்டர் காசிமாயனைக் கூப்பிட்டார்.

"மத்தவங்க லைட்டு மாதிரி வெளிச்சமே வராம எழுதி வச்சிராதே. அண்டர்ஸ்டேட்டடா இருக்கணும்."

"அப்படின்னா என்னங்கய்யா?"

"கண்ணை உறுத்தக் கூடாது. ஆனா கோயிலுக்கு வர்றவங்க ஒருத்தர் விடாம என் பேரைச் சொல்லணும். முடியலேன்னா திருவிழா போர்டு வேலைக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

காசிமாயன் தலையை ஆட்டினான். டியூப்லைட்டைத் துணியால் துடைத்து அப்படியே மாட்டிவிட்டான்.

சாயங்காலம் தலைவர் வந்து அண்ணாந்து பார்த்தார். ஓர் எழுத்துகூட இல்லை. அவர் வாயைத் திறப்பதற்குள், "கொஞ்சம் இப்படி நில்லுங்கய்யா" என்று தூண் ஓரமாக நிறுத்தினான் காசிமாயன்.

பேர் எழுதாத டியூப்லைட்டை அந்த ஊர் பார்த்ததே இல்லை. வந்தவர்களெல்லாம் நின்று கேட்டார்கள்.

"யாரு சாமி இது, பேரே போடாம லைட்டு குடுத்த புண்ணியவான்?"

பூசாரியும் சலிக்காமல் சொன்னார். "நம்ம தில்லைநாயகம்."

தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போர்டு வேலை மொத்தமும் காசிமாயனுக்கே.

மறுநாள் காலையில் தலைவரே அவன் கடைக்கு வந்து நின்றார்.

"பூசாரி ஊருக்குப் போறாராம்ப்பா. கேக்கிறவங்களுக்கு யார் பதில் சொல்றது? லைட்டுக்குக் கீழே ஒரு போர்டு வச்சிடு. 'பேர் போடாதவர் தில்லைநாயகம்'னு."

"எவ்வளவு பெரிசுங்கய்யா?"

தலைவர் இரண்டு கையையும் முடிந்த மட்டும் விரித்தார்.

"சட்டிலா."