ஓணான் ஆட்டிய தலை

குளக்கரைக் காட்டில் ஒரு மருதமரத்து வேரடியில் காத்தாயி என்ற சுண்டெலி நாலு குட்டிகளோடு குடியிருந்தாள். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

ஒருநாள் காலை, வாசலருகே செத்துக் கிடந்த தவளையின் பக்கத்தில் அரைவிரல் நீளத்துக்குக் கரிய பிராணி ஒன்று வந்து நின்றது. காத்தாயியைக் கண்டதும் வாலை முதுகுக்கு மேல் வளைத்துத் தூக்கியது. அவ்வளவுதான், அவள் உள்ளே பாய்ந்தாள். தேள்தான், வேறென்ன?

பின்வாசல் வழியாக ஓடிப்போய், வேலிமேல் வெயில் காய்ந்த ஓணானைக் கேட்டாள்.

“ஓணாண்ணே, என் வாசலில் நிற்பது தேள்தானே?”

ஓணான் தலையை ஆட்டியது.

“கொட்டினால் பிள்ளைகள் பிழைக்காதுதானே?”

அதற்கும் ஆட்டியது.

உடனே வீட்டைக் காலி செய்ய முடிவு கட்டினாள். குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லிடுக்கு இருந்தது. நடுவே வெறும் பொட்டல். மேலே பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. அது தெரிந்தும், கடைக்குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடினாள்.

பாதி தூரம் போகவில்லை, மேலே ஒரு நிழல் விழுந்தது. திரும்பினாள் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! பருந்தின் நகம் அவள் வால் நுனியைச் சீவிக்கொண்டு போனது. நல்லவேளை, குட்டி வாயிலேயே இருந்தது.

கண்மண் தெரியாமல் வந்து முன்வாசல் வேர்மறைவுக்குள் விழுந்தாள். வெளியே பருந்து. எதிரே, வளைக்குள் போகும் வழியை மறித்து, வாலைத் தூக்கிய அந்தப் பிராணி. இனி ஓட இடமில்லை.

அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தாள். கால்களை எண்ணினாள். ஆறு. தேளுக்கு எட்டாயிற்றே! முன்னால் கிடுக்கி இல்லை. வாலில் கொடுக்கும் இல்லை. முதுகில் மட்டும் அரைச்சட்டை போட்ட மாதிரி குட்டையாக இரண்டு ஓடு.

குட்டியைக் கீழே வைத்துவிட்டு, “நீ யாரப்பா?” என்று கேட்டாள்.

“வண்டு, தாயே. தவளையில் நெளியும் புழுவைத் தின்ன வந்தேன். என்னைத் தின்றுவிடாதீர்கள்.”

“பின்னே வாலை ஏன் தூக்கினாய்?”

“உங்களைக் கண்ட பயத்தில்தான்.”

சொல்லிவிட்டு, அரைச்சட்டைக்குள் மடித்து வைத்திருந்த இறக்கையை விரித்துப் பறந்தே போய்விட்டது.

காத்தாயிக்கு வந்ததே கோபம்! குட்டியை உள்ளே விட்டுவிட்டு, வால் எரிய எரிய ஓணானிடம் போனாள்.

“வந்தது தேள் இல்லைதானே?”

ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது.

பயந்துபோய்க் கேட்பவருக்கு ஆடுகிற தலையெல்லாம் ஆமாம் என்றுதான் தோன்றும். அதனால் ஓடுவதற்கு முன்னால் எதிரே நிற்பதை நம் கண்ணால் ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட வேண்டும்.