சந்தேகம் கேட்காமல் ஒரு வரி

கோவையில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் பயனர் கையேடுகள் எழுதுகிறவள் பெனிட்டா. ஒரு திருத்தத்தைச் செய்தால் எல்லாக் கையேடுகளிலும் தானாக மாறிவிடும் புது மென்பொருள் ஒன்றைக் கண்டுபிடித்தவள், குதிக்காத குறையாக மேனேஜர் சடகோபனிடம் ஓடினாள்.

அவருக்குப் பழைய மென்பொருளே போதும். முதலாளியம்மாவின் முன்னிலையில் அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"பயிற்சி கூடாது. யாரும் யார்கிட்டயும் ஒரு சந்தேகம்கூடக் கேக்கக் கூடாது. அப்படி வேலை நடந்தா மாத்திக்கலாம்."

எந்த மென்பொருளில் அது நடக்கும்? எல்லோரும் பெனிட்டாவைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"சரிங்க சார். அதே பரீட்சையை முதல்ல பழசுக்கு வச்சுப் பாத்துடலாமுங்களா? நீங்களே ஒரு வரி சேர்த்துக் காட்டுங்க" என்றாள் அவள்.

"இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார் சடகோபன். ஒரு வரிதான் சேர்த்தார். படம் அடுத்த பக்கத்துக்குத் தாவியது. அதை இழுத்து வைத்தால் பக்க எண்கள் மாறின. எண்களைத் திருத்தப் போனால் அட்டைப்படமே காணாமல் போனது. வியர்த்துக் கொட்ட, தினமும் கூப்பிடுகிற பழக்கத்தில் கத்திவிட்டார்:

"பெனிட்டா, இதை எப்படிம்மா சரி பண்றது?"

முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"சார் சந்தேகம் கேட்டுட்டார். பெனிட்டா, புதுசை இன்னைக்கே போட்டுடு. முதல் பயிற்சி சாருக்கு!"